சரிவைப் போர்த்தும் கொடி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் பலவும் சரிவில் இருப்பவை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் அங்கே உண்டு. பழைய மரங்களை வெட்டிப் புதுக்கன்று நடும் முதல் சில ஆண்டுகள்தான் மண்ணுக்கு ஆபத்தான காலம்.

வெற்றுத் தரையில் மழைத்துளி அறையும்போது மண்கட்டி உடைந்து தூளாகச் சிதறுகிறது. அந்தத் தூள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். உள்ளே இறங்க வழியில்லாத நீர் மேலோடு ஓடி, வளமான மேல்மண்ணையும் இழுத்துப் போகும். ஓரங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகலாம் என்பதால் இது எளிதில் ஈடுகட்டக்கூடிய இழப்பல்ல.

இதைத் தடுக்கவே புரேரியா, முக்குனா போன்ற பயறுவகைக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கிறார்கள். புரேரியா விதைக்குத் தோல் கடினம். வெந்நீரில் ஊறவைத்து விதைத்தால் நன்றாக முளைக்கும். கொடி தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். துளியின் வேகத்தை இலைகள் வாங்கிக்கொள்ளும். வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தரும். முக்குனா வறட்சியையும் நிழலையும் தாங்கும். ஆடுமாடுகளும் அதை விரும்பி மேயாது.

ஆனால் கவனிப்பு அவசியம். கன்றின்மேல் ஏறும் கொடியை அவ்வப்போது அறுத்துவிடாவிட்டால் அது கன்றையே மூடி வளைத்துவிடும். மலையே சரியும் பெரும் நிலச்சரிவைத் தடுக்கும் ஆழம் இந்த வேர்களுக்குக் கிடையாது. சுமார் 7 ஆண்டுகளில் மரங்கள் பால்வெட்டுக்குத் தயாராகும்போது நிழல் கூடிப் புரேரியா மெலியும். அதன்பின் ஆண்டுதோறும் உதிரும் ரப்பர் இலைச்சருகு தரையை மூடும்.