கண்ணாடித் தொட்டியில் கவச மீன்



மும்பையில் வாழும் நம்மவர் வீடுகளில் இடம் என்பது பொன்னினும் அரிய பொருள். தாராவியின் ஒற்றை அறையிலும் மாட்டுங்காவின் பழைய மாடி வீட்டிலும் செம்பூரின் அடுக்ககத்திலும் ஆடு மாடு கட்ட வழியில்லை. ஆயினும் சுவரோரத்தில் ஒரு மீன்தொட்டிக்கு மட்டும் எப்படியோ இடம் கண்டுவிடுகிறோம். 1951-ஆம் ஆண்டில் மரீன் டிரைவில் தாராபோர்வாலா மீன் காட்சியகம் திறக்கப்பட்ட பின், கண்ணாடிக்குப் பின்னே நீந்தும் மீனைக் காணும் ஆசை இந்நகரத்துப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பற்றிக்கொண்டது. அந்த ஆசையில் தொட்டி வாங்குவோர், குர்லாவிலோ கிராஃபர்டு மார்க்கெட்டிலோ கடைக்காரர் சொல்கேட்டு உடன் வாங்கி வரும் ஒரு மீனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும் அந்த மீனைச் 'சக்கர்' என்பார்கள். நூலறிந்தோர் 'பிளெக்கோ' என்பார்கள். தென் அமெரிக்க ஆறுகளுக்குரிய கெளுத்தி இனம் இது. செதில் இல்லை, அதற்கு மாறாக எலும்புத் தகடுகள் கவசம்போல் உடலைப் போர்த்தியுள்ளன. லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் 1758-ஆம் ஆண்டிலேயே இவ்வினத்து மீன் ஒன்றுக்குப் பெயரிட்டுவிட்டார். இன்றோ இக்குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. புதிதாகப் பிடிபடும் வகைகள் பெயர் பெறுமுன்பே கடைக்கு வந்துவிடுவதால், ஜெர்மனியின் மீன் இதழ் ஒன்று 1988-ஆம் ஆண்டு முதல் அவற்றுக்கு 'எல்' என்ற எழுத்தோடு எண் கொடுக்கத் தொடங்கிற்று. நம்மூர்ப் பேருந்துகளுக்குத் தட எண் உள்ளதுபோல!

கடைக்காரர் என்ன சொல்கிறார்? "இது தொட்டியைத் துப்புரவு செய்யும், தனியாகத் தீனி போட வேண்டாம்" என்கிறார். இச்சொல்லை நம்பலாகாது. கண்ணாடியில் படரும் பாசியை இது சுரண்டித் தின்பது மெய்யே. ஆனால் மற்ற மீன்களின் கழிவை இது தின்னாது; தானே மிகுதியான கழிவை விடும். பாசி தீர்ந்தபின் தீனி போடாவிட்டால் வயிறு ஒட்டி மெல்ல மெல்லச் சாகும். இரண்டு அங்குலக் குஞ்சாக விற்கப்படும் சாதாரணச் சக்கர் மீன், நல்ல நீரும் தீனியும் கிடைத்தால் ஒன்றரை அடி நீளம் வளரக்கூடியது. இரண்டடித் தொட்டியில் ஒன்றரை அடி மீன் எப்படித் திரும்பும்?

இங்கேதான் தீங்கு தொடங்குகிறது. கொல்ல மனமில்லாத இளகிய நெஞ்சினர் அதை வாளியில் எடுத்துச் சென்று ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். புண்ணியம் என்று எண்ணிச் செய்வது அது. இந்த மீனோ காற்றை விழுங்கி வயிற்றாலேயே மூச்சு வாங்க வல்லது. சாக்கடை கலந்த நீரிலும் பிழைக்கும். கரையைக் குடைந்து முட்டையிடும். கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநில மீன்பண்ணைகளிலும், திருவனந்தபுரத்து வாய்க்கால்களிலும், கிருஷ்ணை ஆற்றிலும் இது பெருகிவிட்டது. இதன் முள் பட்டு வலை கிழிகிறது. வலையில் இதுவே நிறைந்தால் வாங்க ஆளில்லை. ஆந்திரத்து மீனவர் இதைப் பேய் மீன் என்று பொருள்படும் பெயரால் வைகின்றனர். ஒரு வீட்டாரின் இரக்கம் இன்னொரு வீட்டாரின் உலையில் மண்ணைப் போடுகிறது.

அப்படியானால் இவ்வினத்தை வளர்க்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக வளர்க்கலாம், வகையறிந்து வளர்க்க வேண்டும். சிறு வீட்டுக்கு ஏற்றது 'அன்சிஸ்ட்ரஸ்' என்னும் வகை. நான்கைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். ஆண் மீனின் மூக்கின்மேல் கிளைத்த தசைமுட்கள் புதர்போல் நிற்கும். பெண்ணுக்கு அவை இரா, அல்லது உதட்டோரம் சிறிதே இருக்கும். ஆகவே ஆண் பெண் பிரித்தறிய ஆசிரியர் தேவையில்லை.

இரண்டரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள தொட்டி ஒரு சோடிக்குப் போதும். அதில் ஏறத்தாழ 85 லிட்டர் நீர் பிடிக்கும். கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம். மரத் தளமுள்ள பழைய சால் வீடுகளில் சுவரை ஒட்டியே வையுங்கள். வடிகட்டியை ஓடவிட்டு நான்கைந்து வாரம் கழித்தே மீனை விட வேண்டும். கழிவு நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் அதற்குள்தான் வேரூன்றும்.

நீரைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். தான்சா, வைதர்ணா, பாத்சா நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் மும்பைக் குழாய் நீர் உப்பும் சுண்ணமும் குறைந்தது. சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரோடு மல்லுக்கட்டுவோர் கேட்டால் பொறாமைப்படுவர். குளோரின் மட்டும் நீங்க வேண்டும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினால் நலம். தெருவோரத்து நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து விழுந்த இலையைக் கழுவி இரண்டு போட்டுவைத்தால், நீர் தேயிலைச் சாயம்போல் நிறம் கொள்ளும்; மீனுக்கு அது பிறந்த ஆற்றின் நிறம். ஊறிய மரக்கட்டை ஒன்றும் இருக்கட்டும். இரவில் விளக்கணைத்தபின் வெந்த பூசணித் துண்டோ வெள்ளரியோ கீரையோ போடுங்கள். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். அவ்வப்போது புழுத் தீனியும் வேண்டும்.

இனி, குஞ்சு பொரிக்கும் கதை. இதற்குத் தேவையானது ஒரு பொந்து. ஒருபுறம் அடைத்த மண்குழல், ஐந்தாறு அங்குல நீளம், ஆண் மீன் நெருக்கமாக நுழையும் அளவு வாய். கண்ணாடிக் கடையில் இதற்கு வெளிநாட்டுச் சாமான் விலை சொல்வார்கள். நமக்கோ தாராவியில் கும்பர்வாடா இருக்கிறது! சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறைகளாகச் சூளை வைக்கும் இடம். அளவைக் காட்டிச் சொன்னால் வனைந்து தருவார்கள். மெருகோ வண்ணமோ பூசாமல் சுட்டதாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். அகல் விளக்கு வேலையில் அவர்களுக்குத் தலைநிமிர நேரமிராது.

தென் அமெரிக்காவில் மழைவெள்ளம் வரும் காலமே இவற்றின் கலியாணக் காலம். ஆனி பிறந்து மும்பையில் மழை இறங்கியதும், வழக்கத்தைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்த நீரைச் சற்று அதிகமாக மாற்றுங்கள். ஆண் மீன் குழலைத் துடைத்துச் சீர் செய்யும். பெண் உள்ளே சென்று ஆரஞ்சு நிறத்தில் ஐம்பது முதல் நூறு முட்டை வரை கொத்தாக ஒட்டிவிட்டு வெளியேறும். அதன்பின் அதற்குப் பொறுப்பில்லை. தந்தைதான் வாயிலை அடைத்துக்கொண்டு, உண்ணாமல், இரவும் பகலும் துடுப்பால் நீரை விசிறி முட்டைகளைக் காக்கும். திருச்சி மலைமேல் தாயுமானவரைக் கும்பிடும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஐந்தாறு நாளில் பொரிக்கும். வயிற்றில் மஞ்சள் கருப்பையோடு மேலும் ஒரு வாரம் குழலுக்குள்ளேயே ஒட்டிக்கிடக்கும். கருப்பை வற்றியதும் தீனிக்கு வெளிவரும். அந்நாள் முதல் வெள்ளரி ஒருபொழுதும் இல்லாமற் போகக் கூடாது. குஞ்சுகள் மடிவது பெரும்பாலும் பசியாலும் கெட்ட நீராலுமே.

கைபழகியபின் வரிக்குதிரை பிளெக்கோவை விரும்புவோர் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாய் வரியிட்ட, மூன்று அங்குலமே உள்ள அழகு மீன் அது. 1991-ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் பெற்றது. உலகில் பிரேசிலின் ஷிங்கு ஆற்றின் ஒரு வளைவில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. அவ்வாற்றில் எழுந்த பெலோ மோன்ட்டே அணை 2016-ஆம் ஆண்டில் மின்சாரம் ஆக்கத் தொடங்கியபின், அவ்வளைவுக்கு வரும் நீர் குறைந்துவிட்டது. பிடித்து ஏற்றுமதி செய்வதைப் பிரேசில் தடுத்துள்ளது. ஆற்றில் குறையும் இவ்வுயிர் வீட்டுத் தொட்டிகளில் பெருகுகிறது என்பது விந்தையே. வாங்குவோர், தொட்டியில் பிறந்ததுதானா என்று கேட்டறிந்து வாங்க வேண்டும்.

நூறு குஞ்சை என்ன செய்வது? சென்னைக் கொளத்தூரில் வீட்டுக் கொல்லையிலேயே தொட்டி கட்டி அலங்கார மீன் பெருக்கிக் குடும்பம் நடத்துவோர் பலர். நமக்கு அந்த இடவசதி இல்லை. ஓர் அங்குலம் வளர்ந்தபின் குர்லாக் கடைகளில் தீனிக்கு மாற்றாகக் கொடுக்கலாம்; தெரிந்தவர்க்குக் கொடுக்கலாம். எவரும் கேட்கவில்லையென்றால் மண்குழலைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பொந்து இல்லையேல் முட்டையிடுவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.