இணையரில் ஒருவர்

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் சிறந்தோர்க்குரிய தலையாய பெருமை, நியூயார்க் மாநிலத்துக் கூபர்ஸ்டவுன் நகரிலுள்ள புகழ் மண்டபத்தில் இடம் பெறுவதாகும். 2001இலும் 2019இலும் அவ்விடம் கிட்டாமற்போன ஒருவரைப் பற்றிச் சிந்திப்போம்.

டெட்ராய்ட் டைகர்ஸ் குழுவில் லூ விட்டேக்கர் இரண்டாம் தளத்தைக் காத்தார். ஆலன் டிராமெல் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடைப்பட்ட களத்தைக் காத்தார். 1977 செப்டம்பர் 9ஆம் நாள் இருவரும் ஒருங்கே அக்குழுவில் முதலாட்டம் ஆடினர். 1995 வரை 1,918 ஆட்டங்களில் இணைந்தாடினர். ஒருவர் பந்தைத் தடுத்து எறிய, மற்றவர் அதனை ஏற்று மீண்டும் எறிய, எதிரணியினர் இருவர் ஒருசேர வெளியேறுவர். 1984இல் உலகத் தொடரையும் வென்றனர்.

2001ஆம் ஆண்டுப் பேஸ்பால் எழுத்தாளர் வாக்கெடுப்பில் விட்டேக்கருக்கு நூற்றுக்கு 3 வாக்குகூட விழவில்லை. 5க்குக் குறைந்தால் பெயர் நீக்கப்படும் என்பது விதி. டிராமெல் 2018இல் மண்டபம் புகுந்தார். 2,369 வெற்றியடிகளும் 244 ஹோம் ரன்களும் குவித்த விட்டேக்கருக்கோ, 2019ஆம் ஆண்டுத் தேர்வுக்குழுவில் 12 வாக்குகள் வேண்டியவிடத்து 6 வாக்குகளே கிடைத்தன.

ஆரவாரமின்றி ஆண்டுதோறும் சீராக நிகழும் பணி நம் கண்ணில் எளிதிற் படுவதில்லை. இரு கை தட்டியெழுப்பிய ஓசைக்கு ஒரு கைக்கு மட்டும் மோதிரம் அணிவித்தல் முறையாகுமா?