சூரத் எப்படிச் சுத்தமானது?

(சுகாதார விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். சூரத் புடவை ஒன்றாவது இருக்கும். முகலாயர் காலத்தில் ஹஜ் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம் அது. மக்காவின் தலைவாசல் என்றே அதற்குப் பெயர். ஜவுளியும் வைரமும் கொழிக்கும் அந்த ஊருக்கு 1994 செப்டம்பரில் என்ன நேர்ந்தது தெரியுமா?

நுரையீரலைத் தாக்கும் பிளேக் பரவியதாகச் செய்தி வந்தது. சில நாட்களுக்குள் லட்சக்கணக்கான மக்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் தொற்றிக்கொண்டு ஓடினார்கள். மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோனது. தனியார் டாக்டர்களிலும் பலர் ஊரைக் காலி செய்துவிட்டார்கள்! வளைகுடா நாடுகள் சில, இந்திய விமானங்களையே நிறுத்திவிட்டன. சூரத்தின் தெருவில் அள்ளப்படாமல் கிடந்த குப்பை, எங்கோ ஒரு ஊரில் பெட்டி கட்டி வைத்திருந்த பயணியின் வழியை மறித்தது. சுமார் ஐம்பது உயிர்கள் போயின. அது பிளேக்தானா என்று விஞ்ஞானிகள் பிறகு வாதம் செய்தார்கள். செத்தவர் வீட்டாருக்கு அந்த வாதத்தால் என்ன பயன்?

அந்த ஆண்டு மழையில் தாப்தி ஆறு பெருகித் தாழ்வான பகுதிகளில் புகுந்தது. வெள்ளம் வடிந்த பின்னும் சேறும் செத்த கால்நடைகளும் அகற்றப்படாமல் கிடந்தன. விசைத்தறிக்கும் வைரப் பட்டறைக்கும் பிழைக்க வந்த தொழிலாளர்கள் குடிசைகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். குழாய் இல்லை, கழிப்பிடம் இல்லை, சாக்கடை இல்லை. வெளியூர்க்காரர்கள்தான் ஊரை நாறடித்தார்கள் என்று பழி மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது. எந்த ஊரிலும் இதுதானே நடக்கிறது? குழாயே இல்லாத தெருவில், கையைக் கழுவுங்கள் என்று போஸ்டர் ஒட்டுவதற்குப் பெயர் சுகாதாரக் கல்வியா?

1995 மே மாதம் எஸ்.ஆர். ராவ் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மாநகராட்சி ஆணையராக வந்தார். நகரை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியை வைத்தார். செலவு செய்யும் அதிகாரத்தையும் அவர்கள் கையில் கொடுத்தார். ஒரு சாக்கடை மூடிக்குக் கூடக் கோப்பு தலைமையகம் போய்த் திரும்ப வேண்டிய நிலை போனது. காலையில் ஏ.சி. அறையில் யாரும் உட்காரக் கூடாது, தெருவில் நிற்க வேண்டும். கண்டதைப் பிற்பகலில் கூடிப் பேசி, அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். ஆணையரும் தெருவில்தான் இருந்தார். முக்கியச் சாலைகளை இரவிலும் பெருக்கினார்கள். அசுத்தமான உணவகங்கள் மூடப்பட்டன, குப்பை கொட்டியவர்களிடம் அபராதம் வசூலிக்கப்பட்டது. வசதி படைத்தவர்களின் ஆக்கிரமிப்புகளும் தப்பவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏழையின் குடிசையை மட்டும் இடித்துவிட்டு, ஊரைச் சுத்தம் செய்தோம் என்று மார்தட்டும் அதிகாரிகளைத்தானே நாம் அதிகம் பார்க்கிறோம்! சூரத்தின் குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீரும் கழிப்பிடமும் நடைபாதையும் போயின.

1996இல் இன்டாக் அமைப்பு, சண்டிகருக்கு அடுத்த சுத்தமான நகரம் சூரத் என்றது. 2023ஆம் ஆண்டுக்கான தேசியத் தூய்மைக் கணக்கெடுப்பில் இந்தூருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. ஊழியர்களை எங்கிருந்தும் இறக்குமதி செய்யவில்லை. மக்களும் அதே மக்கள்தான்! வண்டி தினமும் வரும் என்ற நம்பிக்கை பிறந்த தெருவில், குப்பையை வாசலில் வீசுவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது. வராத வண்டிக்காகக் காத்திருந்து அலுத்தவர்தான் மூலையில் கொட்டுகிறார்.

அதற்காக நம்மேல் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் சோற்றுப் பருக்கையோடு ஒரே பையில் கட்டிக் கொடுக்கிறோம். அதைப் பிரிப்பது யார் கை? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கச் சொல்லின. கண்ணாடியைத் தனியே காகிதத்தில் சுற்றிக் கொடுக்க விதி எதற்கு?

கழிவுநீர்த் தொட்டி விஷயம் இதைவிடக் கொடியது. உள்ளே விஷவாயு இருக்கும், இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். உரிய பாதுகாப்பில்லாமல் மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு முப்பது லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் கான்ட்ராக்டரோடு நிற்பதில்லை, வேலைக்கு அழைத்தவரையும் பிடிக்கும். கல்யாண மண்டபமும் பள்ளிவாசலும் நடத்தும் நிர்வாகிகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். நூறு, இருநூறு மிச்சம் பிடிக்க ஆளை இறக்காதீர்கள். உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள்.

வார்டு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள், தெருவில் பத்துப் பேராகப் போங்கள். நம் தெருவுக்கு எத்தனை ஊழியர்கள், வண்டி எந்த நேரம், அவர்களுக்குக் கையுறை கொடுத்தீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். மனு பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.