மேகத்துக்குள் நுழையும் முன்



சிறு விமானங்களின் கருவிவழித் தரையிறக்கத்தைப் பற்றிப் பேச ஜார்ஜ்டவுன் பொருத்தமான இடம். இங்குள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலைய ஓடுபாதைக்கு மேற்கே மலைத்தொடர். கொடிமலையின் உயரம் மட்டும் 833 மீட்டர். கிழக்கே நீரிணையைத் தாண்டினால் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். பிற்பகல் இடிமழை இவற்றை மறைத்துவிட்டால் விமானியை வழிநடத்த அவர் முன்பே வகுத்துக்கொண்ட திட்டம் மட்டுமே மிஞ்சும்.

மலையருகே தரையிறங்குவதன் ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1997 செப்டம்பர் 6 அன்று பந்தர் செரி பெகாவானிலிருந்து மீரிக்கு ஒரு டோர்னியர் 228 வந்தது. மிகக் குறுகிய பயணம். தரையிறங்க நெருங்கியபோது லம்பிர் மலையில் மோதி, அதில் இருந்த 10 பேரும் மாண்டனர்.

பெரிய விமானங்களும் இத்தகைய விபத்துக்கு விலக்கல்ல. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து சுபாங் வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு ஜம்போவுக்கு 2,400 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. 'டூ ஃபோர் சீரோ சீரோ' என்றார் கட்டுப்பாட்டாளர். முதல் எண்ணான 'டூ'வை 'வரை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்ட விமானிகள் 400 அடிக்கு இறங்கினர். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் விமானம் குன்றில் மோதியது. அதில் இருந்த நால்வரும் இறந்தனர். தவறான சொல்லாட்சிக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் தரையிறங்கும் வழியின் வரைபடத்தை முன்கூட்டியே படித்து மனத்தில் நிறுத்தியிருந்தால், அந்த இடத்தில் 400 அடி என்று காதில் விழுந்த கணமே 'இது நடவாது' என்று தோன்றியிருக்கும். திட்டமிடலின் பயன் இதுதான்: தவறான எண்ணை அடையாளம் காணும் வலிமை அது.

ஒருவர் காதில் தவறாக விழுந்ததை இன்னொருவர் திருத்தும் வாய்ப்பாவது அந்த ஜம்போவில் இருந்தது. ஒற்றை விமானி ஓட்டும் சிறு விமானத்தில் அதுவும் இல்லை. ஓட்டுவதும் வானொலியில் பேசுவதும் அலைவரிசை மாற்றுவதும் வரைபடம் பார்ப்பதும் அவர் ஒருவரே. ஆகவே சிந்திக்கும் வேலை முழுவதும் இறக்கம் தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். தரைவேகம் 90 நாட் என்றால் மூன்று பாகைச் சரிவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 480 அடி இறங்க வேண்டும். பின்காற்று அந்த வேகத்தை 120 நாட் ஆக்கினால் 640 அடி. இதை முன்பே கணிக்காதவர் உயரத்தில் தங்கிப் பின் அவசரமாகக் கீழே பாய்வார். குறைந்தபட்ச உயரத்தைத் தாண்டி நழுவுவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

ஓடுபாதை தெரியாவிட்டால் திரும்ப மேலேறும் வழியைப் பலர் கடைசியாகப் படிக்கிறார்கள். அதை முதலில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவ்வழியின் வழக்கமான வடிவமைப்பு 2.5 விழுக்காடு ஏற்றத்தை எதிர்பார்க்கிறது. நம் வெப்பத்தில், முழுச் சுமையோடு, தம் விமானம் அவ்வளவு ஏறுமா என்று ஒவ்வொரு விமானியும் புறப்படுமுன் கையேட்டைப் பார்த்துக் கணித்திருக்க வேண்டும்.

பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள். குறைந்தபட்ச உயரம் எவ்வளவு, ஓடுபாதை தெரியாவிட்டால் எந்தத் திசையில் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று வரைபடம் பாராமல் சொல்லத் தெரியாத மாணவரை மேகத்துக்குள் அனுப்பாதீர்கள். இந்த மாநாட்டின் முதல் தீர்மானமாக இதை ஏற்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.