குமிழியுள் இருப்பது யாது?

நேயர்களே, குளிர்மிகு உடப்புசல்லாவையில் கேத்தல் கொதியாத இல்லம் உண்டோ? அந்நீரில் எழும் குமிழியுள் இருப்பது யாது?

இரசாயனவியலில் பட்டம் பெற்று மேற்படிப்புக்கு வந்த மாணவரிடம் இதனையே வினவிய அமெரிக்கப் பேராசிரியர் போட்னர், விடைகளை 1991ஆம் ஆண்டு வெளியிட்டார். பெரும்பாலோர் நீராவி என்றனர், அதுவே சரி. ஆயின் சிலர் காற்று என்றனர். வேறு சிலர் ஐதரசனும் ஒட்சிசனும் என்றனர்!

கொதித்தலால் நீர் அவ்வாறு பிரியுமாயின், லயத்து அடுப்பங்கரை வெடித்துச் சிதறுமன்றோ? மூடியிற் படும் ஆவி மீண்டும் நீராகவே சொட்டுகின்றது. நீரின் துணிக்கைகள் ஒன்றையொன்று விட்டு விலகினவேயன்றி, எத்துணிக்கையும் உடையவில்லை.

சூத்திரத்தை மனனஞ் செய்தவர்க்கும் இம்மயக்கம் உண்டு. பிழையெனக் கோடிடுவதால் அது தீராது. "ஏன் அவ்வாறு எண்ணினாய்?" என வினவிச் செவிமடுத்தலே நோயறியும் வழி. ஆசிரியர்களே, மருந்து அதன் பின்னரே.