தரைச்சீட்டும் தனிக்குவளையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வி விழா மேடையில் சினிமாக் கொட்டகையைப் பற்றிப் பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். எங்கள் தலைமுறைக்குக் கொட்டகையும் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. அங்கே நாங்கள் கற்றதையும், கற்கத் தவறியதையும் சொல்லவே வந்துள்ளோம்.

தூத்துக்குடியில் சார்லஸ், பாலகிருஷ்ணா, காரனேஷன் என்ற பெயர்களை முதியோர் இன்றும் ஆசையோடு சொல்வார்கள். அவை பெரிய அரங்குகள். எங்கள் குடியிருப்புக்கு அருகே இருந்ததோ சிறு கொட்டகை. மேலே தகரம், கீழே மணல். மாலையில் ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்ததும், உப்பளத்திலிருந்து திரும்பிய தாய்மார்கள் அவசர அவசரமாக உலை வைப்பார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், பஞ்சாலையில் வேலைமுறை முடித்தவர்களும், கடலிலிருந்து கரையேறியவர்களும் தரைச்சீட்டு வாங்கி, மணலைக் குவித்து அதன்மேல் அமர்வார்கள். யார் தோள் யார் மேல் பட்டது என்று அந்த இருட்டில் எவரும் பார்த்ததில்லை.

திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் பெரியவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு படித்த சிறுவர்களாகிய நாங்கள், நடிகர் பெயர்களை எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்போம். எழுத்தறியாத பெரியவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டி மகிழ்வார்கள். படிப்பினால் நமக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

1961ஆம் ஆண்டில் பந்துலு அவர்களின் ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளிவந்தது. மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததும் அதே ஆண்டில்தான். 1906இல் நம் ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யின் வரலாற்றை, 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற அவரது தியாகத்தை, அந்த ஊரின் தொழிலாளர்களே கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். படம் எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்த அன்று அழாதவர் இல்லை.

இடைவேளை வந்தது. விளக்கு எரிந்தது. எல்லோரும் வெளியே இருந்த தேநீர்க் கடைக்குச் சென்றோம். உள்ளே எங்களோடு சேர்ந்து அழுதவர்களுக்குக் கண்ணாடிக் குவளை. நமக்கு ஓலையில் செருகி வைத்த தகரக் குவளை. எங்களுள் ஒருவன் தன் தந்தையிடம் காரணம் கேட்டான். “உள்ளே இருட்டு தம்பி, இங்கே வெளிச்சம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் குவளையைக் கழுவி வைத்தார்.

இளைஞர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். கடைகள், உணவகங்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் சாதியைக் காட்டித் தடுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு 1950இலேயே சொல்லிவிட்டது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவகத்துக் குவளையை மறுப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1976இல் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது அதுவே. நாங்கள் தகரக் குவளையில் குடித்த அன்று, அச்சட்டம் வந்து ஆறாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது! நடிகர் பெயரைப் படித்துச் சொல்ல எங்கள் தெருவில் பிள்ளைகள் இருந்தார்கள். சட்டத்தைப் படித்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதிப் படிநிலையன்று, பணமே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். உண்மைதான். ஆனால் பணம் தந்த சமத்துவம் இடைவேளை மணியோடு முடிந்துபோயிற்று.

கனடா நாட்டின் நியூ கிளாஸ்கோ நகரில், 1946ஆம் ஆண்டு வயோலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண்மணி ஒரு திரையரங்கின் கீழ்த்தளத்தில் அமர்ந்தார். கறுப்பருக்கு மாடிதான் என்றார்கள். கூடுதல் கட்டணம் தருகிறேன் என்றும் ஏற்கவில்லை. இழுத்துச் சென்று இரவு முழுதும் காவலில் வைத்தார்கள். ஒரே ஒரு சென்ட் வரி குறைவாகக் கட்டினார் என்று வழக்குப் போட்டுத் தண்டம் விதித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்தார்; தோற்றார். அவர் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின், 2010இல் அரசு மன்னிப்புக் கோரியது. 2018இல் பத்து டாலர் நோட்டில் அவர் உருவம் அச்சாகியது. அவர் வாங்கிய அந்தச் சீட்டு இன்று வரலாறாகிவிட்டது. நாம் தகரக் குவளையைக் கழுவி வைத்தோமே, அதை யார் எழுதி வைத்தார்கள்?

எங்கள் கொட்டகை இன்று இல்லை. மணலும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. அதற்காக நாங்கள் வருந்தவில்லை என்றால் அது பொய். ஆயினும் அங்கே படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் சிலர் சேர்ந்துதான் இதுபோன்ற கழகங்களுக்கு ஆளுக்கொரு செங்கல் சுமந்தார்கள்.

ஆகவே இளைஞர்களே, பட்டம் பெறுங்கள்; பதவி பெறுங்கள். அத்துடன் மாதம் ஒருநாள், உங்கள் தெருவில் எழுத்தறியாத ஒரு பெரியவர் பக்கத்தில் அமர்ந்து, அவருக்குரிய ஒரு சட்டத்தையோ, ஓர் அரசாணையையோ உரக்கப் படித்துக் காட்டுங்கள். சமத்துவம் இருட்டில் தற்செயலாகக் கிடைப்பதாக இருக்கக்கூடாது. பட்டப்பகலில், கண்ணாடிக் குவளையில், உரிமையாகக் கிடைக்க வேண்டும்.