வயிற்றில் ஒரு வளையம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ வால்வு கம்பெனியிலதானேப்பா இருக்கே, பசங்களுக்கு அந்தத் தொழிலைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் ஒரு வால்வைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அது கம்பெனியில் இல்லீங்க. என் வயிற்றுக்குள் இருக்கிறது.

முதலில் ஒரு மன்னிப்பைக் கேட்டுவிடுகிறேன். 2016ஆம் ஆண்டுச் சந்திப்புக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஹாஸ்டலில் என் பெயர் "லாரி". அந்த லாரி அன்று பாதியாக வந்து நின்றதைப் பார்த்து எல்லோரும் கை தட்டினீர்கள். "எப்படிடா?" என்று மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். நானும் பெருமையாக, "காலையில காவிரிப் பாலத்துல அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடந்தேன். ராத்திரிக்கு ராகிக் கூழ். சர்க்கரை கிடையாது. மனசு வெச்சா முடியும்" என்று சொன்னேன்.

நடந்தது நிஜம். கூழ் குடித்ததும் நிஜம். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்னால், 2013 ஜனவரியில், என் இரைப்பையைச் சுற்றி ஒரு சிலிகோன் வளையம் மாட்டப்பட்டதை நான் சொல்லவில்லை. இரைப்பைப் பட்டை அறுவை என்பார்கள். கேஸ்ட்ரிக் பேண்ட்.

அப்போது எனக்கு வயது 25. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 124 கிலோ. உடல் நிறை குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., ஏறக்குறைய 43. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சாதாரணக் கணக்குதான். நம்மவர்களுக்கு அது 23க்குள் இருப்பது நல்லது என்றும், 25ஐத் தாண்டினாலே பருமன் என்றும் 2009ல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தார்கள். எனக்கு ராத்திரியில் மூச்சு அடைத்து முழிப்பு வரும். பைக் ஓட்டும்போதே தூங்கி விழுந்திருக்கிறேன். உண்ணாவிரதம், லேகியம், பவுடர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பத்து கிலோ குறையும், பன்னிரண்டு கிலோ ஏறும்.

அப்போது வேலை வெளிமாநிலத்தில். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில்தான் ஆபரேஷன் நடந்தது. மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் ஆனது. இன்சூரன்ஸ் தரவில்லை. அப்பா இரண்டு தறியை விற்றார். தறிக்காரர் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று பள்ளிபாளையத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. அம்மா ஒன்றுதான் சொன்னார். "யாருகிட்டயும் சொல்லீராதே கண்ணு. நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போற எடத்துல ஒரு மாதிரி பேசுவாங்க." அவர் பயம் அவருக்கு. ஆனால் 2016ல் மைக்கைப் பிடித்துப் பொய் சொன்னது நான்தான்.

சரி, அந்த வளையம் என்னதான் செய்கிறது? இரைப்பையின் மேல் பாகத்தில், உணவுக்குழாய் வந்து சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பெல்ட் மாதிரி மாட்டுகிறார்கள். வளையத்தின் உள்பக்கம் ஒரு பலூன். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பட்டன் அளவுள்ள ஒரு போர்ட்டில் முடிகிறது. டாக்டர் தோல் வழியாக அந்த போர்ட்டுக்குள் ஊசி குத்தி உப்புநீரை ஏற்றினால் பலூன் உப்பும், வழி குறுகும். உறிஞ்சி எடுத்தால் வழி அகலும். மொத்தமே சில மில்லிலிட்டர் சமாச்சாரம். வளையத்துக்கு மேலே சின்னக் கிண்ணம்போல ஒரு பை உண்டாகிறது. கொஞ்சம் சாப்பிட்டதும் அங்குள்ள நரம்புகள் மூளைக்குப் "போதும்" என்று தகவல் சொல்லும். இரைப்பையை வெட்டுவதில்லை, குடலைத் திருப்புவதில்லை.

இதன் சரித்திரமும் சுவையானது. 1986ல் அமெரிக்காவில் லூபோமிர் குஸ்மாக் என்ற அறுவை மருத்துவர் இறுக்கித் தளர்த்தக்கூடிய வளையத்தைக் கொண்டுவந்தார். அதை வயிற்றைக் கிழிக்காமல், துளை வழியாக லேப்பராஸ்கோப்பியில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தியவர் மிட்டிகு பெலாச்சு. 1993ல், பெல்ஜியத்தில். எத்தியோப்பியாவில் ஆடு மாடு மேய்த்த சிறுவன் அவர். படித்து அந்த உயரத்துக்குப் போனவர். 2001ல் அமெரிக்க அரசு அனுமதி கிடைத்தது. உலகமெங்கும் பரவியது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். வால்வு, பம்ப் வேலை செய்யாது. நம் புளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்ததுதான். வால்வு வேகத்தைக் கட்டுப்படுத்தும். எது பாய்கிறது, எத்தனை நேரம் பாய்கிறது என்பது அதன் கையில் இல்லை. நான் அதை மறந்தேன்.

ஆபரேஷன் முடிந்ததும் பட்டை காலியாகத்தான் இருக்கும். முதல் சில வாரம் நீர் ஆகாரம், பிறகு மசித்த உணவு, ஏறக்குறைய ஆறு வாரம் கழித்துத்தான் முதல் ஊசி. அதன் பிறகு சாப்பாடே ஒரு பாடம். சின்னக் கவளம், இருபது தடவை மெல்லணும். இருபது நிமிஷத்தில் எழுந்துவிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. பருப்பு, முட்டை, மீன் முதலில், சோறு கடைசியில். ஒருநாள் ஊருக்கு வந்தவன் ஆசைப்பட்டு நம் பள்ளிபாளையம் சிக்கனைத் தொட்டேன். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கோழி, வேறு மசாலா கிடையாது. உலகத்துக்கே நம்ம ஊர் கொடுத்த சொத்து. இரண்டு துண்டை அவசரமாக முழுங்கினேன். நெஞ்சுக்குழியில் கல் வைத்த மாதிரி அடைத்துக்கொண்டது. வாயெல்லாம் நுரை. கொல்லைப்புறத்தில் முக்கால் மணி நேரம் குனிந்து நின்றேன். உலர்ந்த கறி, பிரெட், குழையாத சோறு, தேங்காய்ச் சில்லு எல்லாம் பட்டைக்குப் பகை.

அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இரண்டு வருஷத்தில் 92 கிலோவுக்கு வந்தேன். 32 கிலோ! மூச்சடைப்பு நின்றது. பேண்ட் இடுப்பு 46லிருந்து 38. அந்த மிதப்பில்தான் 2016ல் உங்கள் முன் நின்றேன்.

பட்டையை ஏமாற்றவும் நான் கற்றுக்கொண்டுவிட்டேன். கறி இறங்காது. ஐஸ்கிரீம் இறங்கும். கரும்புச்சாறு, பால் டீ, மில்க் ஷேக் எல்லாம் மடை திறந்த மாதிரி இறங்கும். பசி எடுக்கவில்லை என்று சாப்பாட்டைக் குறைத்தேன், சலிப்பு வந்தபோதெல்லாம் இனிப்பைக் குடித்தேன். வேலை மாறி ஊர்ப்பக்கம் வந்ததும் ஊசிக்குப் போவதையும் நிறுத்தினேன். எங்கே யாரிடம் காட்டுவது? காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே! 2019ல் எடை 109. பதினேழு கிலோ திரும்பி வந்துவிட்டது.

அந்த வருஷம்தான் எனக்கு ஒரு போன் வந்தது. இரண்டு வருஷ ஜூனியர், ஹாஸ்டலில் பக்கத்து அறை. அவனும் கனமான உடம்புக்காரன். "அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே பாலத்துல நடந்தேன். கூழ் குடிச்சேன். ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுட்டேன். உங்களால முடிஞ்சது என்னால முடியலைங்கண்ணா. எனக்கு மனசுல உறுதியில்லை" என்றான். மூன்று வருஷமாக இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அதைவிடக் கொடுமை, "எடையைக் குறைச்சுட்டு டாக்டர்கிட்டப் போலாம்" என்று தள்ளிப்போட்டிருக்கிறான். கால் புண் ஆறவில்லை என்று போனபோதுதான் சர்க்கரை நோய் முற்றியிருப்பது தெரிந்தது. அவன் தோற்றது என் பொய்யிடம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவனிடம் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போவே சொல்லியிருக்கலாமேண்ணா" என்றான். அவ்வளவுதான்.

மறைத்தது நான் மட்டும் இல்லை. எனக்கு ஆபரேஷன் ஆன அதே 2013ல், பிப்ரவரியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி வேறு பெயரில் பதிவு செய்துகொண்டு இதே பட்டையை மாட்டிக்கொண்டார். மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. குழந்தைகளுக்காகச் செய்துகொண்டேன் என்றார். பதவியில் இருப்பவருக்கே அந்தக் கூச்சம் என்றால் தறிக்காரர் மகனுக்கு இருக்காதா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டது உண்டு. ஆனால் கிறிஸ்டி மேடையில் ஏறி, நடந்தே குறைத்தேன் என்று யாருக்கும் யோசனை சொல்லவில்லை.

இனி, பட்டையைப் பற்றிய நியாயமான கணக்கு. ஆஸ்திரேலியாவில் பால் ஓ'பிரையன் குழுவினர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013ல் முடிவு வெளியிட்டார்கள். பதினைந்து வருஷம் கழித்தும் அதிகப்படி எடையில் 47 சதவீதம் குறைந்தே இருந்தது. அவர்கள் விடாமல் அழுத்திச் சொல்வது தொடர் கவனிப்பைத்தான். அதே சமயம் பெல்ஜியத்தில் 2011ல் வெளியான ஓர் ஆய்வில், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆனவர்களில் நாலில் ஒருவருக்கும் மேலாகப் பட்டை இரைப்பையை அரித்திருந்தது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதனால் மருத்துவ உலகம் நகர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 2011ல் எடைக் குறைப்பு அறுவைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பட்டைதான். 2018ல் நூற்றில் ஒன்று. இன்று பெரும்பாலும் இரைப்பையையே குழாய்போலச் சுருக்கும் ஸ்லீவ், அல்லது பைபாஸ். ஆகவே, "அண்ணன் மாட்டினார், நானும் மாட்டுறேன்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். எந்த ஆபரேஷனுக்கும் ஆபத்து உண்டு. 2024ல் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் போன இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அனுபவம் உள்ள குழுவா, மயக்க மருந்து, தீவிர சிகிச்சை வசதி இருக்கிறதா, ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து வருஷம் கவனிப்பார்களா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மருந்துகளும் வந்துவிட்டன. 2025 மார்ச்சில் டிர்ஸெபடைட், ஜூனில் எடைக்கான செமாக்ளுடைட் ஊசி இந்தியச் சந்தைக்கு வந்தன. அவையும் டாக்டர் சொல்லித்தான். இன்சூரன்ஸிலும் வழி பிறந்திருக்கிறது. ஒழுங்குமுறை ஆணைய விதிப்படி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவை இருந்தாலோ, டாக்டர் ஆலோசனைப்படி செய்யும் ஆபரேஷனை எடைக்கானது என்று சொல்லியே தட்டிக்கழிக்க முடியாது. பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

இதெல்லாம் யாரோ நாலு பேருக்கு என்று நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். இந்த அரங்கில் உங்கள் வரிசையையே எண்ணிப் பாருங்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். அந்த போனுக்குப் பிறகு கோவையில் ஒரு மருத்துவரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்தார். பட்டை நழுவவில்லை, அரிக்கவில்லை. அது என் அதிர்ஷ்டம். கொஞ்சம் உப்புநீர் ஏற்றினார். உணவு ஆலோசகர் அம்மா ஒருவர் என் டீயையும் கரும்புச்சாறையும் பிடுங்கிக்கொண்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறேன். வைட்டமின் மாத்திரை போடுகிறேன். ராத்திரி எதுக்களித்து இருமல் வந்தாலோ, தொடர்ந்து வாந்தி வந்தாலோ உடனே காட்ட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆமாங்க, என் மனைவிக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சமையல் எப்படிப் பண்ணணும்?"

இன்று காலை எடை 95 கிலோ. இன்னும் குண்டன்தான். ஆனால் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தில் பாதி தூரம் நடக்கிறேன்.

அந்தத் தம்பி இன்று இந்த அரங்கில் நான்காவது வரிசையில் இருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் இதைச் சொன்னேன். அவனுக்கு ஆபரேஷன் இல்லை. மருந்து, உணவுமுறை, மாதாமாதம் டாக்டர். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கால் புண் ஆறிவிட்டது.

தம்பி தங்கைகளே, ஹாஸ்டலில் யாரையாவது "லாரி" என்று கூப்பிடுகிறீர்களா? அந்தப் பெயரை இன்றோடு விட்டுவிடுங்கள். அடுத்த சந்திப்பில் யாராவது மெலிந்து வந்தால் கை தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் எப்படி என்று கேட்டால், அவர் முழுசாகச் சொல்கிற மாதிரி கேளுங்கள். சொல்பவரும் முழுசாகச் சொல்லட்டும். பாதி சொன்ன வெற்றிக்கு, கேட்டவன் விலை கொடுக்கிறான்.

மதியச் சாப்பாட்டில் பள்ளிபாளையம் சிக்கன் உண்டு என்று கேள்விப்பட்டேன். எனக்கு இரண்டே துண்டு போதும். இந்தத் தடவை மென்று சாப்பிடுகிறேன்.